எட்டாவது மடையைத் திறந்த சாயங்காலம்

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். கோயில் இல்லை, சர்வர் அறை!

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடை. கீழே மிளகாய் வற்றல், மல்லி, துவரம்பருப்பு மூட்டைகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய மாடிப்படி. அதில் ஏறினால் கண்ணாடி போட்ட ஒரு பொந்து. உள்ளே ஏசி உறுமுகிறது. கறுப்புப் பெட்டி ஒன்று பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும் நெற்றியில் இன்னும் உதிரவில்லை. பக்கத்தில் ஒரு காய்ந்த எலுமிச்சம்பழம். வற்றல் நெடி ஏசிக்குள்ளும் புகுந்து வந்து எனக்கு அடுக்குத் தும்மல்.

"இன்னைக்கு இவனை வாயத் தெறக்க வச்சிருவோம்க்கா" என்றார் நெட்வொர்க் தம்பி, மடிக்கணினியைத் தொடையில் விரித்தபடி. பல வருடமாகக் கம்ப்யூட்டர் விஷயங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு சர்வருக்கு டிபக் லாக் (தான் செய்வதையெல்லாம் அது ஒன்று விடாமல் எழுதும் பதிவு) போடும்போது கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுமதி கிடைத்த மாதிரி இருந்தது. நோட்டு, பேனா, இரண்டு பொட்டலம் முறுக்கு. நான் தயார்!

நோயாளியின் வரலாறு இது. மூன்று வாரமாக, விளக்கு வைக்கிற நேரத்தில் கீழே பில் போடும் நான்கு கவுண்டர்களும் திணறுகின்றன. நாலும் ஒன்றாகப் படுத்தாலாவது ஒரு காரணம் சொல்லலாம். முதலாவது ஓடும், இரண்டாவது நிற்கும். இரண்டாவது எழுந்தால் நான்காவது சுருண்டுவிடும். திரையில் அந்த வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். காலையில் ஒரு குறையும் கிடையாது. இரவு கடை சாத்தியதும் எல்லாம் தானாகச் சரி. ஸ்விட்ச்சை மாற்றியாயிற்று. கேபிளை மாற்றியாயிற்று. சர்வரை அணைத்து அணைத்துப் போட்டாயிற்று. வாஸ்து பார்ப்பவரைக் கூப்பிடலாமா என்று கடை முதலாளி அண்ணாச்சி யோசிக்கும் கட்டத்தில்தான் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார்.

"சந்தேகப்பட்ட ஆளையெல்லாம் வேலைய விட்டுத் தூக்கிட்டீங்க அண்ணாச்சி. ஒருத்தரையும் இன்னும் விசாரிக்கல" என்றார் தம்பி.

விசாரணை எப்படி நடக்கும்? அதற்கு முதலில் கண்மாய்க்குப் போய்வர வேண்டும். மாடக்குளம் கண்மாயோ வண்டியூர் கண்மாயோ, உங்களுக்குத் தெரிந்த ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் மடைகள் இருக்கும். எந்த மடையை எவ்வளவு திறப்பது என்பதைப் பொறுத்துத்தான் வயலுக்குத் தண்ணீர். சர்வரின் பேச்சுக்கும் இப்படி மடைகள் உண்டு. சரியாக எட்டு! பூஜ்யத்தில் தொடங்கி ஏழு வரை எண். பூஜ்யம் என்றால் வீடே இடிந்துவிட்டது. மூன்று என்றால் தவறு நடந்தது. நான்கு எச்சரிக்கை. ஆறு சும்மா ஒரு தகவல். கடைசி மடையான ஏழுதான் டிபக். வழக்கமாகச் சர்வர்களில் கடைசி மடையை அடைத்தே வைத்திருப்பார்கள். வீடு இடிந்தால் சொல், வாசலில் கோலம் போட்டதையெல்லாம் சொல்லாதே என்று ஏற்பாடு.

இந்த எட்டு மடையைக் கட்டியவர் எரிக் ஆல்மன். 1980-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளை எழுதியவர். அந்த அஞ்சல் நிரல் தன் புலம்பலைக் கொட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று அவர் செய்துகொண்டதுதான் சிஸ்லாக். அப்புறம் ஊரில் உள்ள நிரல்களெல்லாம் தங்கள் புலம்பலையும் அங்கேயே கொட்ட ஆரம்பித்தன. 2009-ல்தான் அதற்கு இன்றைய முறையான விதிநூல் வந்தது. பெர்க்லி என்ற பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். இந்தக் கதையில் அது திரும்பத் திரும்பத் தலைகாட்டப் போகிறது.

மணி ஆறு பத்து. தம்பி மூன்று இடத்தில் மடை திறந்தார். சிஸ்லாக்கின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி. வலை இணைப்புகளை மேய்க்கும் நெட்வொர்க் மேனேஜருக்கு 'டிபக்' என்று ஒரு கட்டளை. வலைக் கார்டின் டிரைவருக்குத் தனியாக ஒன்று. என்டர்!

அடேயப்பா.

அதுவரை ஒரு மணி நேரத்துக்கு நாலு வார்த்தை பேசிய மௌனச்சாமி, பிரேக் போன பஸ் மாதிரி ஓட ஆரம்பித்துவிட்டது. திரையில் வரிகள் மேலே மேலே பறக்கின்றன. நான் கேட்டேன் என்பதற்காகத் தம்பி பொறுக்கிப் பொறுக்கி மொழிபெயர்த்தார். "கார்டு முழிச்சிருச்சு, ஆயிரம் மெகாபிட் வேகம்னு சொல்லுது." "மூணாம் கவுண்டருக்கு முகவரி குடுத்தேங்குது." "மணி என்னன்னு வெளிய கேட்டுச்சாம், சொன்னாங்களாம்." "இது ஒண்ணுமில்ல, தனக்குத் தானே பேசிக்கிடுது." குழாயடியில் காலையில் நடக்கும் பேச்சைப் போலத்தான். யார் வீட்டில் யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், போகும்போது கையில் என்ன பை. எனக்கு ஒரே சிரிப்பு. இத்தனை நாளும் இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொண்டா இந்தப் பெட்டி சந்தனப் பொட்டோடு சாதுவாக உட்கார்ந்திருந்தது!

"இத இப்படியே விட்டா என்ன ஆகும்?"

"கரை ஒடைஞ்சிரும்க்கா."

உண்மைதான். டிபக் பேச்சு டிஸ்க்கை நிரப்பும். நிரம்பிய டிஸ்க்கில் சர்வரால் பில்லையும் எழுத முடியாது. வைத்தியத்துக்குக் கொடுத்த மருந்தே ஆளைச் சாய்த்துவிடும். அதனால்தான் கண்மாய்க்குக் கலுங்கு வைத்த மாதிரி இங்கேயும் ஒன்று உண்டு. பெயர் லாக்ரொட்டேட். பழைய பேச்சைச் சுருட்டிக் கட்டும், அதற்கும் பழையதைத் தூக்கி வெளியே தள்ளும். மடை திறப்பதற்கு முன்பே கலுங்கில் அடைப்பு இல்லையே என்று தம்பி பார்த்துவிட்டிருந்தார். பெரிய நிறுவனங்களால் உடனே எதையும் தள்ளிவிடவும் முடியாது. இந்தியக் கணினி அவசரக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு அபாயமும் உண்டு. உளறுவாயனிடம் ரகசியம் தங்காது. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடி பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது நினைவிருக்கிறதா? யாரும் திருடவில்லை. கடவுச்சொற்களை உருத்தெரியாமல் மறைப்பதற்கு முன்பே அப்படியே ஓர் உள் லாக்கில் எழுதிக்கொண்டிருந்தது அவர்களுடைய மென்பொருள். அவ்வளவுதான். அதனால்தான் வேலை முடிந்த கையோடு ஏழாம் எண்ணை அடைத்துவிட வேண்டும் என்பார்கள். அடைக்க மறப்பவர்கள்தான் அதிகம் என்பது என் சந்தேகம்.

மணி ஆறே முக்கால். கீழேயிருந்து குரல்: "அண்ணே, ரெண்டாம் கவுண்டர் நின்னுருச்சு!"

தம்பி துள்ளி உட்கார்ந்தார். நோய் வந்துவிட்டதே என்று ஒரு வைத்தியருக்கு இவ்வளவு சந்தோஷமா! 'ஆறே முக்கால்' என்று தேடினால் லாக்கில் ஒன்றும் இல்லை. வெறுமை. எனக்கு ஏமாற்றம், தம்பிக்கு அரை நொடி திகைப்பு, பிறகு தலையில் அடித்துக்கொண்டார். சர்வரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது! கீழமாசி வீதியில் ஆறே முக்கால் என்றால் பெட்டிக்குள் பகல் ஒன்றே கால். முன்னால் வந்து பார்த்தவர்கள் எல்லாம் "சாயங்கால லாக்கில் ஒரு தப்பும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனதற்கு இதுதான் காரணம். அவர்கள் பார்த்தது நடுச்சாமத்து லாக். கடை பூட்டியிருக்கும் நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்கத் தெரியாததால் மூன்று வாரம் போயிருக்கிறது.

சரி, ஒன்றே காலில் என்ன எழுதியிருக்கிறது? சர்வர் பாவம், ஒழுங்காகத்தான் சொல்கிறது. இரண்டாம் கவுண்டர் பேசிக்கொண்டிருந்தது, நடுவில் நிறுத்திவிட்டது, நான் மறுபடி மறுபடி கூப்பிட்டேன், பதில் இல்லை. திண்ணையில் உட்கார்ந்த கிழவி தன் வீட்டுக்குள் நடந்ததை ஒரு துளி விடாமல் சொல்வாள். தெருமுனையில் நடந்ததைக் கேட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்?

"தெருவுல ஒரு ஆளை நிறுத்தணும்க்கா" என்று தம்பி தன் மடிக்கணினியின் கேபிளை ஸ்விட்ச்சில் சொருகினார். அந்த ஆள் வேலையை ஆரம்பித்துச் செய்தி கொண்டுவரக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் பருத்திப்பால் வந்தது. சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்க, தம்பி கேட்டார்: "தேனிக் கதை தெரியுமாக்கா ஒங்களுக்கு?"

தெரியும். ஆனாலும் இந்த அறையில், இந்த உறுமலில், திரும்பக் கேட்க ஆசையாக இருந்தது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நெட்வொர்க் கோளாறை விசாரிப்பது எப்படி என்று எங்கள் பக்கத்திலிருந்து உலகத்துக்குப் போன பாடம் அது.

மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-ல் தேனியிலும் கிளை வைத்தது. கண் மங்கிப்போன ஒரு கிராமத்துப் பாட்டிக்குத் தேனி வந்து போவதென்றால் பஸ் செலவு, துணைக்கு வரும் மகனின் ஒரு நாள் கூலி. வலி இல்லாத நோய் வேறு, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போகும். அதனால் மருத்துவமனையையே அவள் தெருவுக்குக் கொண்டுபோகலாம் என்று 2004-லிருந்து சிறு பார்வை மையங்களைத் திறந்தார்கள். ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம் என்று. மையத்தில் பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் பாட்டியோடு பேசுவார். எல்லாம் சரி, திரைக்கு நெட் வேண்டுமே? அந்த நாளில் கிராமத்துக்கு வந்த தொலைபேசிக் கம்பியில் வீடியோவா!

இதற்கு முன்பே மேலூர்ப் பக்கம் ஒரு முயற்சி நடந்திருந்தது. 2001-ல் ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவின் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் கிராமக் கணினி மையங்கள் வந்தன. வெப் கேமராவில் கண்ணைப் படம் எடுத்து அரவிந்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். படம் போகும், ஆனால் முகம் பார்த்துப் பேசும் அளவுக்கு அந்தக் குழாயில் இடம் இல்லை.

அப்போதுதான் வருகிறது... பெர்க்லி! எரிக் புரூவர் தலைமையிலான அந்தப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, நம் வீட்டில் கூடத்திலிருந்து சமையலறை வரை எட்டவே மூச்சு வாங்கும் சாதாரண வைஃபையை எடுத்து, கோபுரங்களில் ஆன்டெனா கட்டி, தேனி மாவட்டத்தின் வயல்களுக்கு மேலே 15 கிலோமீட்டர் வரை எறிந்தது. ரபின் பத்ரா, சோனேஷ் சுரானா, செர்ஜியூ நெடெவ்ஸ்கி, லக்ஷ்மிநாராயணன் சுப்ரமணியன் என்று இளைஞர் பட்டாளம்.

எறிந்தார்கள், எட்டியது, ஆனால் சொதப்பியது. வைஃபைக்கு ஒரு பழக்கம். கதை சொல்லும் பாட்டி மாதிரி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிராளி 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் "காதில் விழலையா?" என்று அதே வாக்கியத்தை மறுபடி சொல்லும். வீட்டுக்குள் 'ம்' உடனே வந்துவிடும். 15 கிலோமீட்டர் என்றால், ஒளியின் வேகத்திலேயே போய்த் திரும்ப 100 மைக்ரோ விநாடி. வைஃபைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, சில பத்து மைக்ரோ விநாடிதான் காத்திருக்கும். 'ம்' பாதி வழியில் வந்துகொண்டிருக்கும்போதே இது திரும்பச் சொல்ல ஆரம்பித்துவிடும். ஒரே கூச்சல். வாக்கியம் என்று நான் சொல்லும் பேக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிந்து பார்த்துத்தான் இதைப் பிரித்தறிந்தார்கள். தீர்வு: வாக்கியத்துக்கு வாக்கியம் 'ம்' வேண்டாம். நீ கொஞ்ச நேரம் பேசு, நான் கொஞ்ச நேரம் பேசுகிறேன், கேட்டதற்கெல்லாம் மொத்தமாக ஒரு 'ம்'. வைல்ட்நெட் என்று பெயரிட்டு 2007-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே ஆண்டு வெனிசுவேலாவில் 382 கிலோமீட்டர் தூரத்துக்கு இந்த முறை எட்டியது. மதுரையிலிருந்து சென்னையை நோக்கி நேர்கோடு போட்டால் செங்கல்பட்டைத் தாண்டிவிடும் தூரம்!

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருகிறது. இணைப்பு வேகமாகிவிட்டது, ஆனால் பெட்டிகள் அடிக்கடி செத்துப்போயின. பெர்க்லியில் இருப்பவர்களால் உள்ளே நுழைந்து பார்க்கவும் முடியவில்லை. வெளியிலிருந்து தேனிக்குள் கதவு கிடையாது, உள்ளேயிருந்து வெளியே மட்டுமே போகலாம். என்ன செய்தார்கள் தெரியுமா? பெட்டிகளையே தாய்வீட்டுக்குப் போன் போடச் சொன்னார்கள்! கருவியின் பெயரே போன்ஹோம். கல்யாணமாகி வெளியூர் போன பெண் மாதிரி ஒவ்வொரு ரௌட்டரும் மூன்று மணிக்கொரு தடவை கலிபோர்னியாவில் உள்ள சர்வருக்குத் தன் உடம்பு நிலையை எழுதி அனுப்பும். இணைப்பு எப்படி, எத்தனை பேக்கெட் தொலைந்தது, கடைசியாக எப்போது எழுந்தேன். ஆண்டிபட்டியில் வெயில் உச்சிக்கு ஏறும்போது பெர்க்லியில் நள்ளிரவு. அங்கே யாரோ ஒருவர் தூக்கம் கெட்டு இதைப் படித்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

அந்தப் பதிவுகளோடு இன்னொன்றையும் பதிந்தார்கள். ரேடியோவை இல்லை, மென்பொருளை இல்லை. கரண்டை! கிராமத்து மின்கம்பியில் வோல்டேஜை அளந்து லாக் போட்டார்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 70-க்கும் கீழே இறங்கிக் கிடந்த நேரங்கள், 350-ஐத் தாண்டி நின்ற நேரங்கள், 1000 வோல்ட் வரை எகிறிய துள்ளல்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஃபேன் திடீரென்று ஹெலிகாப்டர் ஆவதும் டியூப் லைட் அழுவதும் புதிதா என்ன, நமக்குத் தெரியும். ஆனால் நெட்வொர்க் படித்தவர்கள் அதை நெட்வொர்க் கோளாறாகக் கணக்கில் வைத்ததில்லை. அந்தத் துள்ளலில் போர்ட்டுகள் கருகின. திடீர் அணைப்பில் மெமரி கார்டுகள் கெட்டன. குறைந்த வோல்டேஜில் பெட்டி முழுதாகச் சாகவும் இல்லை, முழுதாக எழவும் இல்லை. விளக்கு எரியும், வேலை நடக்காது. அரைத்தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை உட்கார்ந்திருப்பது போல.

அதற்கு வைத்தியம் ஒரு சின்ன சர்க்யூட். வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் தடவிக்கொண்டிராமல் சுத்தமாக வெட்டிவிடும், நல்ல கரண்ட் வந்ததும் சேர்த்துவிடும். 2008-ல் இந்த அனுபவத்தையெல்லாம் அவர்கள் கட்டுரையாக எழுதினார்கள். கம்பியில்லா வலை பற்றிய கட்டுரை, பாதிக்குப் பாதி கரண்டைப் பற்றித்தான் புலம்புகிறது. படிக்கும்போது ஈபி ஆபீஸ் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும்.

"அக்கா! பல்டி அடிச்சிருக்கு!"

தெருவில் நிறுத்திய ஆள் செய்தியோடு வந்துவிட்டார். அவர் பெயர் ஆர்ப்வாட்ச். எழுதியவர் கிரெய்க் லெரெஸ், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். பார்த்தீர்களா, மறுபடியும் பெர்க்லி! பேக்கெட்டுகளை ஒட்டுக்கேட்கும் டிசிபிடம்ப் என்ற மகா கருவியை வான் ஜேகப்சன், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோருடன் சேர்ந்து அதே ஆய்வகத்தில் 1988-ல் உருவாக்கியவரும் இவரே. அந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது.

ஆர்ப்வாட்ச்சின் வேலை ஒன்றே ஒன்று. எந்த ஐபி முகவரிக்கு எந்தக் கார்டு சொந்தம் என்று நோட்டில் குறித்துக்கொண்டே இருக்கும். ஒரே முகவரியை இரண்டு பேர் மாறி மாறிச் சொந்தம் கொண்டாடினால் லாக்கில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்று எழுதும். நிஜமாகவே அதுதான் அதன் கலைச்சொல்! திரையில் வரிசையாகப் பல்டிகள். சர்வரின் முகவரியை இன்னொரு ஆசாமி தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பழைய எண், புதிய எண் குழப்பத்தில் வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. தபால்காரர் கடைசியாக யார் கை ஆட்டினார்களோ அவர்களிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இரண்டாம் கவுண்டர் பில்லைத் தப்பான வீட்டில் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. முதல் கவுண்டருக்குச் சரியான வீடு நினைவிருப்பதால் அது ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் நினைவைப் புதுப்பிக்கும்போது மாறிவிடும். முகவரி விசாரிக்கும் இந்த ஏற்பாட்டை 1982-ல் டேவிட் பிளம்மர் எழுதிவைத்தார். "இந்த எண் யாருடையது?" என்று கத்த வேண்டும், யார் 'நான்' என்கிறார்களோ அவர்களை நம்ப வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார் எதுவும் கேட்பதில்லை. எவ்வளவு வெள்ளந்தியான காலம்!

இப்போது எதிராளி யார்? கார்டு எண்ணின் முதல் பாதி எந்தக் கம்பெனித் தயாரிப்பு என்று சொல்லிவிடும். தேடிப் பார்த்ததில் கம்ப்யூட்டர் கம்பெனி இல்லை, கேமரா கம்பெனி இல்லை, கேள்விப்படாத ஏதோ சில்லுத் தயாரிப்பாளர். தம்பி மாடிப்படியில் இறங்கி, ஸ்விட்ச்சில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிச் சொருக, நான் மேலே திரையைப் பார்த்துக் கத்த வேண்டும் என்று ஏற்பாடு. பதவி உயர்வு!

"இன்னும் அடிக்குது தம்பி!"

"இப்ப?"

"அடிக்குது!"

"இப்பக்கா?"

நின்றுவிட்டது. பல்டி நின்றுவிட்டது. நான் குதித்ததில் முறுக்குப் பொட்டலம் சர்வர் மேல் விழுந்தது. எட்டாவது கேபிள். அது ஸ்விட்ச்சிலிருந்து கிளம்பி, சுவரோரமாக ஓடி, மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்து, நிலைப்படிக்கு மேலே ஏறி, வாசலுக்கு வெளியே போனது. நாங்கள் பின்னாலேயே போனோம். அண்ணாச்சியும் வந்தார். கணக்கு எழுதும் அக்காவும் வந்தார். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தோம்.

கடையின் பெயர்ப்பலகை!

மூன்று வாரத்துக்கு முன்னால் மாட்டிய புதுப் பலகை. சிவப்பு எழுத்து வலமிருந்து இடமாக ஓடும் எல்இடி. மாடியிலிருந்தே எழுத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று நெட் கேபிளும் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் பலகைக்கு ஆலையிலேயே ஒரு முகவரியைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அது அச்சு அசலாகச் சர்வரின் முகவரி. விளக்கு வைக்கும்போது பலகையைப் போடுவார்கள், கடை சாத்தும்போது அணைப்பார்கள். அதற்குத் தகுந்தாற்போல் நோயும் வந்து போயிருக்கிறது. இத்தனை நாளும் கவுண்டர்கள் பாதிப் பில்லைப் பெயர்ப்பலகையிடம் நீட்டிக்கொண்டிருந்திருக்கின்றன!

"எம் பேரே எனக்கு எமனா?" என்றார் அண்ணாச்சி. பிறகு அவரே சிரித்துவிட்டார்.

டிபக் என்ற சொல்லுக்கே ஒரு பழைய கதை உண்டல்லவா? 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டின் மார்க் 2 கணினி நின்றபோது ரிலேக்குள் ஓர் அந்துப்பூச்சி செத்துக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டின் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். கோளாறைப் பூச்சி ('பக்') என்று சொல்லும் பேச்சுவழக்கு எடிசன் காலத்திலேயே இருந்தது என்றாலும், நிஜப் பூச்சி லாக்கில் ஏறியது அப்போதுதான். நாங்கள் கண்டுபிடித்த பூச்சி பன்னிரண்டு அடி நீளம். டேப் போட்டு ஒட்ட முடியாது.

கடை சாத்திய பிறகு தம்பி பலகைக்கு வேறு முகவரி கொடுத்தார். சர்வரின் கடிகாரத்தை இந்திய நேரத்துக்குத் திருப்பினார். கடைசியாக மூன்று மடையையும் ஒவ்வொன்றாக அடைத்தார். திரை ஓட்டம் தளர்ந்து, நின்றுபோய், கர்சர் மட்டும் கண் சிமிட்டியது. பெட்டி மறுபடி சாதுவாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

இரவு பத்தேகால். லாரிகள் வர ஆரம்பித்துவிட்டன. புது முகவரியில் பலகை கேட்கிறதா என்று பார்க்கத் தம்பி மாடியிலிருந்து இரண்டு வார்த்தை தட்டி அனுப்பினார். கீழமாசி வீதியின் இருட்டில் சிவப்பு எழுத்துகள் நிதானமாக ஊர்ந்து வந்தன: சோதனை... சோதனை...

முதுகில் மல்லி மூட்டையோடு வந்தவர் நின்று, தலையைச் சாய்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"யாருக்குய்யா?"

அண்ணாச்சி கையை உயர்த்தினார்.